ஆஸ்கருக்கு நூறு ரூபாய், ராஸிக்கு வடா பாவ்

வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வாய் தவறி ஒரு வரி எழுதிவிட்டேன். எங்கள் ரயில் கோஷ்டி வருடா வருடம் விருதுப் பந்தயம் கட்டுகிறது, ஆஸ்கர் கணிப்புக்கு ஆளுக்கு நூறு ரூபாய், மோசமான படங்களுக்குத் தரும் ராஸி விருதில் தோற்பவர் எல்லோருக்கும் வடா பாவ் என்று. அவ்வளவுதான், முலுண்டிலிருந்தும் வாஷியிலிருந்தும் கடிதமாக வந்து குவிகிறது. ஜோசியம் கேட்க வந்தவர்களைத் தனியாக வைத்துவிட்டேன். மிச்சம் இதோ.

எம். கே., டோம்பிவிலி: எங்கள் ஆபீஸிலும் ஆஸ்கர் பந்தயம் உண்டு. மூன்று வருடமாக எனக்குத்தான் கடைசி இடம். இத்தனைக்கும் எல்லாப் படங்களையும் பார்ப்பவன் நான் ஒருவன்தான். எங்கே தப்பு செய்கிறேன்?

படங்களைப் பார்ப்பதுதான் தப்பு. கோபித்துக்கொள்ளாதீர்கள், எங்கள் கோஷ்டியிலும் இதே கதைதான். உலக சினிமாவைக் கரைத்துக் குடித்த ஒருவர் ஒவ்வொரு வருடமும் மொய் வைப்பது போல நூறு ரூபாயை வைத்துவிட்டுப் போகிறார், ஒரு படம்கூடப் பார்க்காத ஒரு அக்கவுண்ட்ஸ் அம்மா இதுவரை மூன்று முறை அள்ளிக்கொண்டு போயிருக்கிறார். நீங்கள் எது நல்ல படம் என்று யோசித்துச் சீட்டை நிரப்புகிறீர்கள். அந்த அம்மா யார் ஓட்டுப் போடுகிறார்கள் என்று யோசிக்கிறார். உங்கள் சொசைட்டி தேர்தலையே எடுத்துக்கொள்ளுங்களேன், யார் நல்ல செகரட்டரியாக இருப்பார் என்று யோசித்தால் கணிப்பு கவிழும், எந்த விங்கில் எத்தனை வீடு, தண்ணீர் டேங்கர் விஷயத்தில் யாருக்கு யார் மேல் கடுப்பு என்று பார்த்தால் பெரும்பாலும் பலிக்கும்.

ஆஸ்கர் கொடுக்கும் அகாடமியில் சுமார் 10,000 பேருக்கு ஓட்டு. நாமினேஷன் கட்டத்தில் நடிகர்களை நடிகர்களும் எடிட்டர்களை எடிட்டர்களும் தேர்ந்தெடுக்கிறார்கள், சிறந்த படத்துக்கு மட்டும் எல்லோரும். ஆனால் இறுதிச் சுற்றில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் போடலாம். அதாவது சிறந்த ஆடை வடிவமைப்பு யாருக்கு என்பதை சவுண்ட் எஞ்சினியரும் முடிவு செய்கிறார். அவர் கண்ணுக்கு ஜரிகை தெரியும், நூலின் கவுன்ட் தெரியாது. ஆகவே கல்யாணப் பட்டு மாதிரி தூரத்திலிருந்தே தெரிகிற உடை ஜெயிக்கும், கைத்தறிச் சேலை நாமினேஷனோடு நின்றுவிடும்.

அடுத்தது முக்கியமானது. இதே ஆட்களில் நிறையப் பேர் ஆஸ்கருக்கு முன்னாலேயே அவரவர் சங்க விருதுகளில் ஓட்டுப் போட்டு முடித்திருப்பார்கள். நடிகர் சங்கம், தயாரிப்பாளர் சங்கம், இயக்குநர் சங்கம், பிரிட்டனின் சினிமா விருதான பாஃப்டா. பரீட்சைக்கு முன்னால் முக்கால்வாசிக் கேள்வித்தாள் கையில் கிடைத்த மாதிரி. இயக்குநர் சங்கம் 1948 முதல் விருது கொடுத்து வருகிறது, அவர்கள் கைகாட்டியவர் ஆஸ்கரில் தோற்றது அபூர்வம். 2013-ல் அப்படி ஒன்று நடந்தது, சங்கம் பென் அஃப்லெக்குக்குக் கொடுத்தது, ஆனால் அகாடமியின் இயக்குநர் பிரிவு அவரை நாமினேட்கூட செய்திருக்கவில்லை, ஆங் லீ வாங்கிக்கொண்டு போனார். அஃப்லெக்கின் படமோ அன்றைக்கே சிறந்த படம்!

நேரெதிராக, கோல்டன் குளோப் விருது கொடுப்பவர்கள் பத்திரிகைக்காரர்கள். அவர்களுக்கு ஆஸ்கரில் ஓட்டு இல்லை. இது தெரியாமல் நான் மாட்டிக்கொண்டது 2016-ல். சில்வெஸ்டர் ஸ்டலோன், நாற்பது வருடம் முன்னால் தனக்கு வாழ்வு கொடுத்த அதே ராக்கி பாத்திரத்தில், வயதான குத்துச்சண்டைக்காரராக வந்து குளோப் வாங்குகிறார், அரங்கமே எழுந்து நிற்கிறது. என் கண்ணும் கலங்கிவிட்டது. துணை நடிகருக்கு அவர் பெயரை எழுதி, அடியில் இரண்டு கோடு வேறு போட்டேன். நடிகர் சங்கமும் பாஃப்டாவும் அவரை நாமினேட்கூட செய்யவில்லை என்பதை அக்கவுண்ட்ஸ் அம்மா மட்டும் கவனித்திருக்கிறார். மார்க் ரைலன்ஸ் ஜெயித்தார். அந்த அம்மாவுக்கு அவர் யார் என்றே தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

ஆர். வி., செம்பூர்: சரி சார், 2025-ல் டெமி மூருக்கு நடிகர் சங்க விருதும் கிடைத்ததே? குளோப்பும் கிடைத்தது. அப்புறம் எப்படி சிறந்த நடிகை ஆஸ்கரை மைக்கி மேடிசன் ஜெயித்தார்? உங்கள் சூத்திரம் எங்கே போயிற்று?

நீங்களும் பணத்தை விட்டிருக்கிறீர்கள், எழுத்திலேயே தெரிகிறது. நானும்தான்.

ஒரே ஒரு பொத்தல் இருந்தது, அதைப் பார்த்திருக்க வேண்டும். பாஃப்டா மேடிசனுக்குப் போயிருந்தது. அகாடமி கொஞ்ச வருடங்களாகவே அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து உறுப்பினர்களை நிறையச் சேர்த்து வருகிறது. ஆகவே லண்டன் ஓட்டு முன்பு மாதிரி ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஓட்டு இல்லை. 2019-ல் கிளென் குளோஸ் ஜெயிப்பார் என்று ஊரே சொன்னபோது பாஃப்டா வாங்கிய ஒலிவியா கோல்மன்தான் ஆஸ்கரும் வாங்கினார். 2021-ல் மறைந்த சாட்விக் போஸ்மனுக்குத்தான் என்று நம்பி, வழக்கத்தை மாற்றி சிறந்த நடிகர் விருதைக் கடைசியில் வைத்தார்கள், ஆனால் பாஃப்டா வாங்கிய ஆந்தனி ஹாப்கின்ஸ் பெயர் வந்தது, மனிதர் அரங்கத்திலேயே இல்லை, விழா சட்டென்று முடிந்துபோனது. இரண்டு முறை ஒரே கல்லில் இடித்துக்கொண்டு மூன்றாவது முறையும் அதே வழியாகப் போனால் யார் தப்பு?

இன்னொன்று, மேடிசனின் படமான 'அனோரா' அன்று சிறந்த படம் உட்பட ஐந்து விருது அள்ளியது. டெமி மூர் நடித்தது ரத்தமும் சதையும் பிய்ந்து தொங்குகிற திகில் படம். இரண்டாம் பாதியில் எத்தனை வோட்டர் டிவியை அணைத்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். (98-வது விழாவிலிருந்து ஒரு பிரிவில் ஓட்டுப் போட வேண்டுமானால் அந்தப் பிரிவின் எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும் என்று விதியே கொண்டுவந்துவிட்டார்கள். இத்தனை வருடம் அப்படி ஒரு விதி இல்லை என்பதுதான் எனக்குச் செய்தி.)

திருமதி எல். எஸ்., மாட்டுங்கா: சிறந்த படத்துக்கு மட்டும் ஏதோ வேறு மாதிரி ஓட்டு எண்ணுகிறார்களாமே, என் மகன் விளக்கினான், தலை சுற்றியது. நீங்கள் சொன்னால் புரியுமா பார்க்கிறேன்.

போன பொங்கலுக்கு எங்கள் சொசைட்டியில் நடந்ததைச் சொல்கிறேன் அம்மா, மகனிடம் நீங்களே திருப்பி விளக்கலாம்.

முப்பது வீடு. மதியச் சாப்பாட்டுக்கு என்ன என்று சீட்டு. முதல் விருப்பமாக பிரியாணி என்று எழுதியவர்கள் 12, இலைச் சாப்பாடு 10, பாவ் பாஜி 8. சாதாரணக் கணக்கில் பிரியாணி ஜெயித்தாயிற்று. மற்ற எல்லா ஆஸ்கர் பிரிவுகளிலும் அப்படித்தான், அதிக ஓட்டு வாங்கியவருக்கு விருது. ஆனால் சிறந்த படத்துக்கு 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி எழுத வேண்டும், பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்காவிட்டால் கடைசியில் இருப்பதைத் தூக்கிவிட்டு, அந்தச் சீட்டுகளில் இரண்டாவதாக என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து அங்கே சேர்ப்பார்கள். எங்கள் கணக்கில் பாவ் பாஜி அவுட். அந்த எட்டுக் குடும்பமும் சைவம், இரண்டாவதாக இலைச் சாப்பாடு எழுதியிருந்தார்கள். 10-உம் 8-உம் 18. பிரியாணி 12-லேயே நிற்கிறது. வாழை இலை ஜெயித்தது, பிரியாணிக்காரர்கள் இன்னும் எங்களோடு சரியாகப் பேசுவதில்லை.

இதில் பாவ் பாஜியின் பரிதாபத்தைக் கவனித்தீர்களா? பிரியாணிக்காரர்களில் முக்கால்வாசிப் பேரும் இலைக்காரர்கள் எல்லோரும் இரண்டாவதாக அதைத்தான் எழுதியிருந்தார்கள். மொத்தக் கட்டடத்துக்கும் பிடித்த பண்டம். ஆனால் முதல் விருப்பம் போதாமல் முதல் சுற்றிலேயே போய்விட்டது, அந்த இரண்டாம் இடங்களை யாரும் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. ஆகவே "யாரும் வெறுக்காத படம் ஜெயிக்கும்" என்று பொதுவாகச் சொல்வது பாதிதான் சரி. தூக்கிப் பிடிக்க ஒரு கூட்டமும் வேண்டும், மற்றவர்கள் முகம் சுளிக்காமலும் இருக்க வேண்டும். 2010 விழாவில் பட்டியலைப் பத்துப் படமாக்கியபோது கொண்டுவந்த முறை இது. எண்ணிக்கையை அகாடமி வெளியிடுவதே இல்லை என்பதால் எந்தப் படம் எந்தச் சுற்றில் மேலே வந்தது என்று நாம் ஊகிக்கலாம், அவ்வளவுதான். என் ஊகம், 2022-ல் வெறும் 3 நாமினேஷனோடு வந்த 'கோடா' ஜெயித்தது இப்படித்தான். குடும்பப் படம், அழுதுகொண்டே சிரிக்கலாம், யார் அதைக் கடைசி இடத்தில் எழுதப் போகிறார்கள்? அதற்கு முன்பே நடிகர் சங்கமும் தயாரிப்பாளர் சங்கமும் அதைக் கைகாட்டியிருந்தன.

2017-ல் 14 நாமினேஷனோடு 'லா லா லேண்ட்'. தயாரிப்பாளர் சங்கம், இயக்குநர் சங்கம் இரண்டும் அதன் பக்கம். திங்கள் காலை, தாதர் ஸ்டேஷன் நடைமேடையில் போனைச் சுற்றி நாங்கள் ஆறு பேர். அறிவித்தார்கள். ஆறு பேருக்கும் கட்டிங் சாய் சொல்லி, காசும் கொடுத்துவிட்டேன். ஒரு வாய் குடிப்பதற்குள் மேடையில் சலசலப்பு, கவர் மாறிவிட்டது, கொடுத்தது சிறந்த நடிகைக்கான இரட்டைப் பிரதிக் கவர், ஜெயித்தது 'மூன்லைட்' என்கிறார்கள். சாய்க் காசை யாரும் திருப்பித் தரவில்லை.

ஜி. டி., தாராவி: மோசமான படத்துக்கு விருது கொடுப்பதைக் கணிப்பது சுலபமா, கஷ்டமா? ராஸி பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள் அண்ணா.

சுலபம் தம்பி. அதனால்தான் எங்கள் கோஷ்டியில் அதற்கு வடா பாவ் மட்டும்.

1981-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜான் வில்சன் என்பவர் தன் வீட்டு ஹாலில் நண்பர்களைக் கூட்டி விளையாட்டாக ஆரம்பித்தது. கோல்ஃப் பந்து அளவு ராஸ்பெரி பழம் ஒன்று, பழைய சூப்பர் 8 ஃபிலிம் சுருள் மேல் உட்கார்ந்திருக்கும், தங்க நிற ஸ்ப்ரே அடித்திருப்பார்கள், விலை 4.97 டாலர் என்று அவர்களே பெருமையாகச் சொல்வார்கள். பல வருடம் ஆஸ்கருக்கு முந்தைய நாள்தான் அறிவிப்பு. ஓட்டுப் போட சினிமாக்காரராக இருக்க வேண்டியதில்லை, சந்தா கட்டினால் போதும்.

இங்கேதான் கணிப்பின் சாவி. சந்தா கட்டியவர் மோசமான படங்களைத் தேடிப் பிடித்துக் கடைசிவரை உட்கார்ந்து பார்ப்பாரா? நீங்கள் பார்ப்பீர்களா? நான் மாட்டேன். பெயரைப் பார்த்துக் குத்துவார். உண்மையிலேயே மோசமான படம் யாருக்கும் தெரியாமல் வந்து யாருக்கும் தெரியாமல் போய்விடும், அதற்கு விருது கிடையாது. பெரிய பட்ஜெட், ட்ரெய்லர் வந்தபோதே ஊர் சிரித்தது, பெரிய நட்சத்திரம், இந்த மூன்றும் சேர்ந்தால் அந்தப் பெயரை எழுதிவிட்டுத் தூங்கப் போகலாம். 2020-ல் 'கேட்ஸ்', 2025-ல் 'மேடம் வெப்', இரண்டும் எங்கள் கோஷ்டியில் எல்லோருக்கும் சரி, வடா பாவை அவரவர் காசில் சாப்பிட்டோம். 2024 மட்டும் விதிவிலக்கு மாதிரி தெரியும், சின்ன பட்ஜெட்டில் எடுத்த வின்னி த பூ திகில் படத்துக்குப் போனது. ஆனால் அந்தக் கரடி பொம்மையை விடப் பிரபலமான நட்சத்திரம் யார்?

நடிகர்களில் ஸ்டலோன்தான் இந்த விருதின் செல்லப் பிள்ளை, இவ்வளவு ராஸி வாங்கிய நடிகர் வேறு யாரும் இல்லை. நேரில் போய் வாங்குகிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும். பால் வெர்ஹோவன் 1996-ல் முதல் ஆளாகப் போய் மோசமான இயக்குநர் விருதை வாங்கினார். ஹாலி பெர்ரி 2005-ல் 'கேட்வுமன்' படத்துக்கு வாங்க வந்தபோது, மூன்று வருடம் முன்னால் வாங்கிய ஆஸ்கரை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு வந்தார். சாண்ட்ரா புல்லக் 2010-ல் சனிக்கிழமை ராஸி, ஞாயிற்றுக்கிழமை ஆஸ்கர். ராஸி மேடைக்கு ஒரு வண்டி நிறைய, ராஸி வாங்கித் தந்த படத்தின் டிவிடியை இழுத்து வந்து, "பார்க்காமலேயே ஓட்டுப் போட்டிருப்பீர்கள், இந்தாருங்கள், பாருங்கள்" என்கிற தோரணையில் எல்லோருக்கும் கொடுத்தார். நான் மேலே இவ்வளவு வளர்த்து எழுதியதை அவர் ஒரு வண்டியில் சொல்லிவிட்டார்.

கேலி எல்லை மீறியதும் உண்டு. 2023-ல் 12 வயதுப் பெண் குழந்தையை மோசமான நடிகை பட்டியலில் சேர்த்தார்கள், ஊர் காறித் துப்பிய பிறகு எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டு, 18 வயதுக்குக் கீழே யாரையும் சேர்ப்பதில்லை என்று விதி வைத்தார்கள். முந்தைய வருடம் ப்ரூஸ் வில்லிஸுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருந்தார்கள், அவருடைய நோய் வெளியே தெரிந்ததும் அதையும் திரும்பப் பெற்றார்கள்.

என். பி., முலுண்ட்: இந்தியில் கோல்டன் கேலா, கண்டா என்று மோசமான படங்களுக்கு விருது கொடுத்தார்களே. தமிழில் ஏன் யாரும் தொடங்கவில்லை? நீங்களே தொடங்கலாமே?

எனக்குப் பெண் கல்யாணம் பாக்கி இருக்கிறது.

கோல்டன் கேலா 2009-ல் டில்லியில் ஆரம்பித்தது, கண்டா 2011-ல் நம் மும்பையில். கேலா என்றால் வாழைப்பழம், கண்டா என்றால் மணி. இரண்டும் கொஞ்ச காலம் நன்றாகவே சிரிக்க வைத்தன. தமிழில் தேவைப்படவில்லை என்பதுதான் உண்மை. நம் ஆட்கள் விழா நாள் வரை பொறுப்பதில்லை, முதல் காட்சியின் இடைவேளையிலேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் அரோரா தியேட்டரில் தமிழ்ப் படம் ஓடிய காலத்தில் நான் பார்த்திருக்கிறேன். காலையில் கட் அவுட்டுக்குப் பால் ஊற்றியவர்தான், மத்தியானம் வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றுமே பேசவில்லை. நண்பர் "எப்படி?" என்றார். "பாட்டு பரவாயில்லை" என்றார். இதைவிடக் கொடூரமான ராஸி எந்த மேடையிலும் கொடுக்க முடியாது. ஆனால் அதையே மேடை போட்டு, கோப்பை செய்து, பெயர் சொல்லிக் கொடுத்தால் மறுநாள் உங்கள் போனுக்கு என்னென்ன வரும் என்று உங்களுக்கே தெரியும்.

பி. ஆர்., வாஷி: தேசிய விருதை யாராலும் கணிக்க முடிவதில்லையே, ஏன்? 'ஜெய் பீம்' படத்துக்கு ஒன்றுமே இல்லை என்றபோது என் கணிப்புத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஆஸ்கருக்குச் சொன்ன வழியெல்லாம் அங்கே செல்லாது. நாமினேஷன் பட்டியல் இல்லை, முன்னோட்டமாகச் சங்க விருது இல்லை, பத்தாயிரம் பேரும் இல்லை. மண்டல நடுவர் குழுக்கள் முதலில் வடிகட்டுகின்றன, பிறகு டில்லியில் மையக் குழு. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்கிற ஆட்கள், அடுத்த வருடம் வேறு ஆட்கள். பத்தாயிரம் பேரின் மனதைக் கணிக்கலாம், கூட்டத்துக்கு ஒரு குணம் உண்டு. பத்துப் பதினைந்து பேரின் மனதைக் கணிக்க முடியாது, மத்தியானச் சாப்பாடு சரியில்லை என்றால்கூட ஒருவர் மனது மாறலாம்.

2021-ஆம் வருடப் படங்களுக்கான 69-வது விருதில் 'ஜெய் பீம்' வெறும் கையோடு நின்றது, சிறந்த தமிழ்ப் படம் 'கடைசி விவசாயி', அதில் நடித்த நல்லாண்டி தாத்தாவுக்குச் சிறப்புக் குறிப்பு, அவர் அப்போது உயிரோடு இல்லை. சிவாஜிக்கே சிறந்த நடிகருக்கான தேசிய விருது கடைசிவரை கிடைக்கவில்லை என்கிறபோது தாளைக் கிழித்து என்ன பயன்? கமலுக்கு 'மூன்றாம் பிறை', 'நாயகன்', 'இந்தியன்' என்று மூன்று. தனுஷுக்கு இரண்டு, இரண்டும் பங்கு போட்டுக்கொண்டவை. இதில் ஏதாவது சூத்திரம் தெரிந்தால் எனக்கும் எழுதுங்கள்.

ஆனால் கணிக்க முடியாததில் ஒரு சுகமும் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் முதல் தேதி 71-வது விருதுகளை அறிவித்தபோது எல்லோரும் ஷாருக்கானுக்குக் கிடைத்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், எங்கள் வீட்டில் 'பார்க்கிங்' படத்துக்காக எம்.எஸ். பாஸ்கர் பெயரைக் கேட்டதும் என் அம்மா டிவியைப் பார்த்துக் கைதட்டினார். சிறந்த தமிழ்ப் படம், திரைக்கதை, துணை நடிகர், மூன்று விருது அந்தச் சின்னப் படத்துக்கு. நான் கணிக்கவில்லை. யாரும் கணிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

ஒரு வாசகி, சயான்: 2013-ல் பாம்பே ஜெயஸ்ரீ அவர்களுக்கு ஆஸ்கர் கிடைக்கும் என்று நாங்கள் தோழிகள் எல்லோரும் விழித்திருந்து பார்த்தோம். பாட்டுப் பிரிவைக் கணிப்பது எப்படி?

உங்கள் ஏரியா அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. சண்முகானந்தா ஹாலில் எத்தனை முறை கேட்ட குரல். 'லைஃப் ஆஃப் பை' தாலாட்டு, தமிழில், அவரே எழுதிப் பாடியது. நானும் சீட்டில் அதைத்தான் எழுதினேன், தோற்கும் என்று தெரிந்தே எழுதினேன். எதிரே அடெல் பாடிய 'ஸ்கைஃபால்', குளோப் வாங்கிவிட்டது, மாதக்கணக்கில் ரேடியோவில் ஓடியது. பாட்டுப் பிரிவில் சவுண்ட் எஞ்சினியரும் ஒப்பனைக்காரரும் ஓட்டுப் போடுகிறார்கள் என்பதை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் காதில் எது ஏற்கனவே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் கேள்வி.

2009-ல் கண்ணைக் கட்டிக்கொண்டு குத்தினாலும் மூன்றுக்கு இரண்டு வாய்ப்பு. பட்டியலில் மொத்தமே மூன்று பாட்டு, அதில் இரண்டு ரஹ்மானுடையது. இசைக்கும் பாட்டுக்கும் சேர்த்து இரண்டு வாங்கிக்கொண்டு "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழில் சொன்னார், எங்கள் கோஷ்டியில் பந்தயத்தை ரத்து செய்துவிட்டு இனிப்பு வாங்கினோம். 2023-ல் 'நாட்டு நாட்டு'வும் அப்படித்தான், குளோப் முன்பே வாங்கியாயிற்று, உலகமே ஆடிக்கொண்டிருந்தது. அன்று என்னை ஆச்சரியப்படுத்தியது வேறு. நான் சென்ட்ரல் லைன் ஃபாஸ்ட் ட்ரெயினில் ஒரு காலில் நின்றுகொண்டிருக்கிறேன், பக்கத்திலிருந்த மராத்திக்காரப் பெரியவர் தன் போனைக் காட்டி, "இது உங்கள் பாஷைதானே?" என்றார். முதுமலையில் பொம்மனும் பெள்ளியும் யானைக் குட்டி வளர்த்த கதை, சிறந்த குறும் ஆவணப்படம். என் சீட்டில் அந்தப் பிரிவில் வேறு ஏதோ எழுதியிருந்தேன். பெரியவரிடம் சொல்லவில்லை.

எஸ். எச்., தானே: ஆஸ்கரின் வெளிநாட்டுப் படப் பிரிவுக்கு இந்தியா அனுப்பும் படம் ஜெயிக்கும் என்று எப்போதாவது பந்தயம் கட்டியிருக்கிறீர்களா?

ஒரே முறை, 2002-ல், 'லகான்'. 'மதர் இந்தியா', 'சலாம் பாம்பே' இரண்டையும் சேர்த்து மூன்றே படம்தான் இறுதி ஐந்துக்குள் போயிருக்கிறது. தமிழிலிருந்து 1969-ஆம் வருட 'தெய்வ மகன்' தொடங்கி 'கூழாங்கல்' வரை போன எதுவும் அந்த ஐந்தில் இல்லை. 'நாட்டு நாட்டு' வந்த 'ஆர்ஆர்ஆர்' இந்தியா அனுப்பிய படமே இல்லை, அந்த வருடம் போனது ஒரு குஜராத்திப் படம். நாம் அனுப்பாதது ஜெயிக்கிறது, அனுப்பியது திரும்பி வருகிறது. இங்கே யார் தேர்வு செய்கிறார்கள், அங்கே யார் ஓட்டுப் போடுகிறார்கள், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

கே. ஜே., நேருள்: எங்கள் பந்தயத்தில் போன வருடம் இரண்டு பேர் சமமாக வந்து சண்டையாகிவிட்டது. உங்கள் கோஷ்டியில் என்ன விதி?

ஆஸ்கரிலேயே சமம் வரும். 1969-ல் சிறந்த நடிகை விருதை காதரின் ஹெப்பர்னும் பார்பரா ஸ்ட்ரைசாண்டும் பகிர்ந்துகொண்டார்கள், 2013-ல் ஒலித்தொகுப்பில் இரண்டு படம். அப்படி வந்தால் இரண்டில் எதை எழுதியிருந்தாலும் முழு மார்க்.

நம் ஆட்கள் சமமாக வந்தால் விழா எத்தனை நிமிடம் ஓடும் என்று முன்பே எழுதி வாங்கிய எண்ணைப் பார்ப்போம், நெருங்கி வந்தவருக்குப் பணம். 1929-ல் முதல் விழா 15 நிமிடத்தில் முடிந்ததாம், 2002-ல் 4 மணி 23 நிமிடம் இழுத்தார்கள், இரண்டுக்கும் நடுவே எங்கேயாவது எழுதுங்கள். குறும்படப் பிரிவுகள் மூன்றையும் காலியாக விடாதீர்கள், பந்தயம் அங்கேதான் தீர்மானமாகிறது, பெரிய விருதுகளை எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். அப்புறம் நடிகர் தேர்வுக்கு என்று புதிதாக ஒரு பிரிவு சேர்ந்துவிட்டது, 23 இப்போது 24. பழைய சீட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டாதீர்கள். எங்கள் சீட்டுகள் ஞாயிறு இரவு பத்து மணிக்குள் அக்கவுண்ட்ஸ் அம்மாவின் பழைய டிபன் டப்பாவுக்குள் போய்விட வேண்டும், டப்பாவுக்கு ரப்பர் பேண்ட் போடுவது என் வேலை.